படியேறும் வண்டி

சங்குமுனைத் துறைமுகக் குடியிருப்பின் ஐந்தாம் தெருவில் செந்தூர்பாண்டி தன் ரிமோட் காரை முதன்முதலாகத் தரையில் இறக்கி ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் உள்ளங்கால் எரிந்தது. அடுக்களையில் நின்றவர்களுக்கு எரிந்தது, கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தவர்களுக்கு எரிந்தது, செருப்புப் போட்டிருந்தவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே மாதிரி எரிந்தது, தொட்டிலில் கிடந்த ஏழு மாதக் குழந்தை இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுதது. கார் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது எல்லோரையும் ஒரு தரம் தூக்கிப் போட்டது, குழாயடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனபோது எல்லோருக்கும் கால் குளிர்ந்தது. அப்போதுதான் தையல்காரர் தாவீது மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து, காரைப் பார்த்து, தன் காலைப் பார்த்து, மறுபடியும் காரைப் பார்த்து, "வண்டிக்குத் தெரியுறதுதான் நமக்கும் தெரியுது" என்றார். அவர் சொன்னது சரியாக இருந்ததால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தெரியாதது ஒரே ஒருவருக்குத்தான். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த செந்தூர்பாண்டிக்கு.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காலுக்குக் கீழே இருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, கப்பலிலிருந்து கன்டெய்னர்களை எடுத்து லாரியில் வைப்பார். போன வருஷம் ஆனி மாதம் ஒரு பகல் வேளையில் அவர் இறக்கிய கன்டெய்னருக்கு அடியில் ரெக்ஸ் அகப்பட்டு இறந்துபோனார். ரெக்ஸ் ஏழாம் தெருக்காரர், கீழே நின்று கைகாட்டுகிற வேலை, ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே ஷிப்ட். மூன்று அதிகாரிகள் வந்து விசாரித்து, காற்று அதிகமாக இருந்தது, யார் மேலும் தவறில்லை என்று எழுதினார்கள். செந்தூர்பாண்டி அதில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் கிரேனில் ஏறவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் பாஸ் கொடுக்கிற அறையில் உட்கார்த்தி ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கால் மரத்துப்போனது அதற்குப் பிறகு. எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவரின் காலில் ஒரு விரல் நீளத்துக்குக் கருவேல முள் ஏறியிருப்பதை அவர் மனைவி சண்முகக்கனிதான் பார்த்தாள். செருப்பைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். அவர், பக்கத்து வீட்டில் யாரோ ஆணி பிடுங்குகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஊசியால் குத்தினார், சுத்தியால் தட்டினார், நரம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு, "முன்னாடி கையால ஏதாச்சும் ஆசையாச் செய்வீங்களா?" என்று கேட்டார். செந்தூர்பாண்டி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கார் ஓட்டுவேன்" என்றார். "பொம்மைக் கார்."

அது உண்மைதான். இருபத்துமூன்று வயதில், மணிலாவிலிருந்து வந்த கப்பல் இன்ஜினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது தன் ரிமோட் காரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். எண்ணெய் ஊற்றி ஓட்டுகிற வண்டி, ஆமணக்கு வாசத்தோடு புகை விட்டுக்கொண்டு, காய்ந்த உப்பளத்தில் அறுபது எழுபது வேகத்தில் பறக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து ஓட்டினார்கள். பிறகு கிரேன் வேலை வந்தது, ஷிப்ட் வந்தது, மகள் பிறந்தாள், வண்டி பரணில் கிடந்து இன்ஜின் இறுகிப்போய் ஒரு பொங்கலுக்குக் குப்பையோடு போனது. அவர் வருத்தப்படவில்லை. நினைக்கவும் இல்லை. டாக்டர் கேட்டபோதும் ஆசை எதுவும் வந்துவிடவில்லை, கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். கனிதான் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அவரைக் கடைக்கு இழுத்துப்போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நூகுத்தம்பியின் கடை. கல்யாண வீடுகளுக்கு ட்ரோன் வாடகைக்கு விடுவதும் ரிமோட் கார் விற்பதும் அவர் தொழில். பழைய உப்பளக் கூட்டத்தில் அவரும் ஒருவர், செந்தூர்பாண்டிக்கு அண்ணன் மாதிரி, 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். செந்தூர்பாண்டியைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து, விட்டுவிட்டு, முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தொழில் பேச ஆரம்பித்தார்.

"பாண்டி, நீ விட்டுட்டுப் போன உலகம் இல்ல இது. எண்ணெய் வண்டிய இப்ப யாரும் தொடுறதில்ல. எல்லாம் பேட்டரி. அந்த மோட்டார் வேகத்துக்கு நம்ம வண்டிலாம் தள்ளுவண்டி. ரிமோட்டுல கிரிஸ்டல் மாத்திக்கிட்டு, நீ எந்த சேனல் நான் எந்த சேனல்னு சண்டை போட்டோமே, அதுவும் இல்ல. இருபது வண்டி ஒரே நேரத்துல ஓடுனாலும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது."

"ஏதாச்சும் ஒண்ணு குடுங்க காக்கா."

"ஏதாச்சும்னா எப்படி? திரும்பி வர்றவங்க எல்லாரும் செய்யுற தப்பே அதுதான். எது வேகமோ அதை எடுத்துட்டுப் போயி, ஒரு வாரத்துல செவத்துல மோதிட்டு, மறுபடியும் பரண்ல போட்டுருவாங்க. எங்க ஓட்டப் போற? அதைச் சொல்லு, வண்டிய நான் சொல்லுதேன்."

"தெருவுலதான்."

"தார் ரோடா?"

"ஆமா."

நூகுத்தம்பி தரையோடு ஒட்டிக் கிடக்கிற ஒரு காரை எடுத்துக் கொடுத்தார். சின்ன டயர், கெட்டியான ஸ்பிரிங், சமதளத்துக்கென்றே செய்தது. ஒரு மாதம் எதை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள் என்றார். அந்தக் கார்தான் ஐந்தாம் தெருவின் கால்களை எரித்தது.

அன்றைக்கே தாவீது மாஸ்டர் கடை முன்னால் தெரு கூடியது. வண்டியை ஓட்டக்கூடாது என்று சொல்லத்தான் எல்லோரும் வந்தார்கள். ஆனால் செந்தூர்பாண்டி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாங்கிக்கொண்டு போனாலும் சரி, உடைத்தாலும் சரி என்கிற முகத்தோடு நின்றதைப் பார்த்ததும், சொல்ல வந்ததைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு ஓய்வுபெற்ற லில்லிபாய் டீச்சர், "டயர் ரொம்பக் கட்டையா இருக்கு, அதான் எரியுது. வேற வண்டி கேட்டுப் பாக்கலாமே" என்றார். உடனே எல்லோருக்கும் சொல்வதற்கு ஏதோ கிடைத்துவிட்டது. பெரிய டயர் என்றார்கள், ரப்பர் மெதுவாக இருக்கவேண்டும் என்றார்கள், வேகம் குறைவு என்று ஒருவரும் அதிகம் என்று ஒருவரும் சொன்னார்கள், வேகத்தடையில் மட்டும் பார்த்துப் போகச் சொன்னாள் கைக்குழந்தைக்காரி. மறுநாள் தாவீது மாஸ்டரும் டீச்சரும் கனியும் அவரோடு கடைக்குப் போனார்கள்.

நூகுத்தம்பி அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு காலும் எரியுதா, ஒரு காலா?" என்றார்.

"ரெண்டும்."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"தெருமுனை மாவு மில் வரைக்கும்" என்றார் தாவீது மாஸ்டர். "அதுக்கு அந்தப் பக்கம் நின்னவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"அது ரிமோட்டோட எல்லை. சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, நோட்டில் 'எரிச்சல்' என்று எழுதிக்கொண்டு, 'பக்கி' என்கிற வண்டியை எடுத்து வைத்தார். தவளை மாதிரி கால்களை அகட்டிக்கொண்டு நிற்கிற வண்டி, நீளமான ஸ்பிரிங், முள்முள்ளான டயர், மண்ணுக்கும் மணலுக்கும் ஆனது.

பக்கி வந்த பிறகு தெரு மாறிப்போனது. அது மணலில் ஓடியபோது எல்லோருடைய காலுக்கடியிலும் மணல் நறநறத்தது, மேட்டில் ஏறித் துள்ளியபோது எல்லோருக்கும் அடிவயிறு ஊஞ்சலில் போகிற மாதிரி காலியானது, முதல் நாள் கத்தினார்கள், இரண்டாம் நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் ஐந்து மணி ஆவதற்கு முன்பே வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்து மணிக்கு யாரும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பதில்லை என்று ஆனது. ஐந்து மணிக்குத் தாவீது மாஸ்டர் துணி வெட்டுவதில்லை, சலூனில் கத்தியைக் கையில் எடுப்பதில்லை, டியூஷன் ஐந்தரைக்குத் தள்ளிப்போனது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, பிறகு அவர்களும் கண்ணை மூடிக்கொண்டே அனுபவிக்கப் பழகினார்கள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் பேச்சுவார்த்தைக்கு நடுவில் காலில் கூச்சம் தாங்காமல் எல்லோரும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள், பெண் வீட்டாரும் சிரித்தார்கள், அந்தச் சம்பந்தம் அங்கேயே நிச்சயமானது.

லில்லிபாய் டீச்சருக்குச் சர்க்கரை. ஆறு வருஷமாக முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாது, சுடுதண்ணீரா பச்சைத்தண்ணீரா என்று கையை வைத்துப் பார்த்துத்தான் காலில் ஊற்றுவார். பக்கி மணலில் இறங்கிய அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து தன் கால்களைப் பார்த்து, "மணல்" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் அவர் செந்தூர்பாண்டியிடம் வந்து, கடற்கரையில் அலை வந்து போகிற ஈர விளிம்பில் ஒருநாள் ஓட்டமுடியுமா என்று கேட்டார். ஓட்டினார். கடலுக்கு எதிரில் குடியிருந்தும் பத்து வருஷமாகக் கடலுக்குப் போகாதவர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் எல்லோரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ரிமோட்டின் எல்லைக்குள் வந்து வரிசையாக உட்கார்ந்து, கால் நனையாமல் அலையில் நின்றார்கள்.

ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்தியதும் யாராவது கேட்பார்கள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு?"

"இல்ல."

முதலில் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. அடுத்தவர் இலையில் சாப்பிட்டுவிட்ட மாதிரி இருந்தது. பிறகு அவருக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுகிற மாதிரி. கனி அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இப்ப மணல். இப்ப ஏதோ எல, காஞ்ச எல. இது என்ன, சிப்பியா? இப்பச் சூடா இருக்குங்க, வெயில்ல கெடந்த சிமெண்டு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவர் தலையாட்டுவார். ரேடியோவில் வேறெந்த ஊரிலோ மழை பெய்ததைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கை மட்டும் தப்பில்லாமல் ஓட்டியது. இருபத்திரண்டு வருஷம் லீவர் பிடித்த கை, கண் சொன்னதை அது செய்தது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

ரெக்ஸ் வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. அடக்கத்தன்று விசாரணையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் போகலாம் என்று கனி சொன்னாள், போகவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போடாமல் மத்தியானம் வரைக்கும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு துக்கம் விசாரிக்க, துட்டி கேட்கப் போகிற காலமே கடந்துபோய்விட்டது. வேலைக்குப் போக ஏழாம் தெருதான் குறுக்குவழி. அவர் நாலாம் தெரு வழியாக, மீன் மார்க்கெட்டைச் சுற்றி, இருபது நிமிஷம் கூட நடந்து போய்வந்தார். காரையும் அந்தப் பக்கம் ஒருநாளும் விட்டதில்லை.

மாதம் முடிந்தது. எந்த வண்டி என்று சொல்லவேண்டிய சனிக்கிழமை வந்தது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை, தெரு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. பக்கிதான். வழக்கமான மூன்று பேரும் அவரோடு கடைக்கு வந்தார்கள். நூகுத்தம்பி அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அப்போது ஜெசிந்தா உள்ளே வந்தாள்.

அவள் ரெக்ஸின் மனைவி. ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை, நாளெல்லாம் ஐஸில் கை, விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வேலை உடுப்போடு நேராக வந்திருந்தாள். செந்தூர்பாண்டி மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டி வாங்கப் போறியளாமே" என்றாள்.

"ஆமா."

"எங்க தெருவுக்கு ஒருநாளும் வரலியே அண்ணாச்சி. எல்லா எடத்துக்கும் போவுது, கடலுக்குக்கூடப் போயிருக்கு."

தாவீது மாஸ்டர், "கொண்டாரச் சொல்லுவோம்மா, அதுக்கென்ன" என்றார்.

"தெருவோட போறதுக்கு இல்ல. எங்க வீட்டுக்கு மூணு படி இருக்கு." அவள் பக்கி வண்டியின் படத்தைப் பார்த்தாள். "இது ஏறுமா?"

"ஏறாதும்மா" என்றார் நூகுத்தம்பி. "மோதிட்டுக் கவுந்துரும்."

"அப்ப படியேறுற வண்டியா வாங்குங்க" என்று அவள் செந்தூர்பாண்டியிடம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "வர்ற வியாழக்கிழம வருசப் பூச. அதுக்குள்ள ஒருதரம் வாங்க."

நூகுத்தம்பி ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். க்ராலர். மலைப்பாறையில் ஏறுவதற்கென்றே செய்தது, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், டயர் உள்ளங்கையில் அமுக்கினால் மாவு மாதிரி அமுங்கும். "இது ஆள் நடக்குறதவிட மெதுவாத்தான் போகும்" என்றார். "படி எவ்வளவு உசரம்?"

ஜெசிந்தா கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டிவிட்டு, அதில் பாதியைக் காட்டினாள். தாவீது மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவள் கையை அளந்து, "நாலே கால் இஞ்சு" என்றார். நூகுத்தம்பி டயரை அளக்கச் சொன்னார். டயர் அதைவிட அரை இஞ்சு கூட இருந்தது.

"ஏறும்" என்றார். "பார்த்து ஏத்தணும்."

தெருவுக்கு இனித் துள்ளல் கிடையாது, ஊஞ்சல் கிடையாது. கடையில் நின்ற மூன்று பேரும் அதை நினைத்தார்கள், யாரும் சொல்லவில்லை. செந்தூர்பாண்டி பக்கியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"இதக் குடுங்க காக்கா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவர் ஏழாம் தெருமுனையில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அதற்கு மேல் கால் போகவில்லை. பின்னாலேயே ஐந்தாம் தெரு வந்தது, டீச்சரின் நாற்காலியைத் தாவீது மாஸ்டர் தூக்கி வந்தார். ஏழாம் தெருக்காரர்கள் கேள்விப்பட்டிருந்தார்களே தவிர அனுபவித்ததில்லை, அவர்கள் வாசல்களில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்கள், அது தேவையில்லை என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. இடது பக்கம் ஆறாவது வீடு. பச்சைக் கதவு. மூன்று படி. ஜெசிந்தா கதவைத் திறந்து வைத்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி போனது. எறும்பு ஊர்கிற மாதிரி போனது. தெருவின் ஒவ்வொரு கல்லும், சரளையும், உடைந்த ஓட்டுத் துண்டும், காய்ந்த கருவாட்டுத் தலையும் நூறு பேருடைய உள்ளங்காலில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. கனி எதையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் படியில் முன்சக்கரம் தொற்றியது, ஏறியது. இரண்டாவது படியில் பாதியில் நின்று, பின்னால் சாய்ந்து, மல்லாந்து விழுந்தது. தெருவில் நின்ற அத்தனை பேரும் முதுகில் அடிபட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். யாரோ ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தார்கள். மறுபடியும் ஏற்றினார், மறுபடியும் விழுந்தது. எங்கே பிடி இருக்கிறது, எங்கே வழுக்குகிறது என்பதைச் சக்கரம்தான் சொல்லவேண்டும், அவருக்குச் சொல்ல அதற்கு வழி இல்லை. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து தப்பாத கை அறுபது அடி தூரத்தில் தப்பியது. மூன்றாவது தரமும் விழுந்தபோது லில்லிபாய் டீச்சர், "போதும் பாண்டி" என்றார்.

ஜெசிந்தா படியிறங்கி, தெருவில் நடந்து, அவர் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"குடுங்க."

"ஒனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"ஒங்களுக்கு மட்டும் தெரியுதா?"

அவர் ரிமோட்டைக் கொடுத்தார். இத்தனை நாளில் அது அவர் கையைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. விசையை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று காட்டினார், மெதுவாக, இன்னும் மெதுவாக என்றார். அவள் படிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வண்டியைத் தொட்டு நேராக்கி வைத்துவிட்டு, விசையை அழுத்தினாள்.

செந்தூர்பாண்டிக்கு முதலில் யாரோ தன் காலை மிதித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. பிறகு கல். சொரசொரப்பான, சூடு இறங்காத, ஓரம் உடைந்த கல்.

"கனி" என்றார். "படி ஓரம் ஒடஞ்சிருக்கு."

கனி அவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஜெசிந்தா திரும்பி, "எனக்கு நின்னுபோச்சு" என்றாள். "இம்புட்டு நேரம் தெரிஞ்சுது. இதக் கையில வாங்குனதும் ஒண்ணும் தெரியல."

தெரு அப்போதுதான் புரிந்துகொண்டது. ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியாது. அது யாராக இருந்தாலும் தெரியாது. ஒரு மாதமாக அதை அவருடைய குறையென்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரிமோட்டை ஒருநாள் வாங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டி இரண்டாவது படி ஏறியது, மூன்றாவது ஏறியது. ஜெசிந்தா அதன் பின்னாலேயே வீட்டுக்குள் போய்விட்டாள். தெருமுனையிலிருந்து எதுவும் தெரியவில்லை, திறந்த கதவும் உள்ளே இருட்டும்தான். செந்தூர்பாண்டி டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றபடியே அந்த வீட்டுக்குள் போனார். நிலைப்படியில் அடித்திருந்த இரும்புப் பட்டை. பிறகு மொசைக் தரை, துடைத்து ரொம்ப நேரம் ஆகவில்லை, அங்கங்கே ஈரம். ஒரு அரிசி. பாயின் ஓரம், அதன் நூல் முடிச்சு. மறுபடியும் தரை. கூடத்தின் நடுவாகத்தான் இருக்கவேண்டும், அங்கே வண்டி நின்றது. நின்றதுதான். அவள் நகர்த்தவில்லை. அவருக்கு இரண்டு உள்ளங்காலிலும் குளிர்ந்த தரை மட்டும் இருந்தது, வேறு எதுவும் இல்லை, ரொம்ப நேரம் இருந்தது, தெருவே அந்தக் குளிர்ச்சியில் நின்றது.

ஜெசிந்தா வாசலுக்கு வந்தாள். "இங்கதான் வச்சிருந்தோம்" என்று அங்கிருந்தே சொன்னாள். "மொகத்தப் பாக்க விடல. பெட்டியத் தொறக்கக்கூடாதுன்னுட்டாங்க."

பிறகு ரிமோட்டை அணைத்தாள்.

உடனே எல்லாம் போய்விட்டது. மற்றவர்களுக்கு அவரவர் கால் திரும்ப வந்தது. செந்தூர்பாண்டிக்கு எதுவும் வரவில்லை. முன்பு இருந்த மாதிரியே, மரக்கட்டையில் நிற்கிற மாதிரி இருந்தது. அவர் கொஞ்சம் காத்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏழாம் தெருவில் நடந்தார். படிக்கு வந்ததும் குனிந்து, கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து மூன்று படியும் ஏறினார்.

ஜெசிந்தா வாருங்கள் என்று சொல்லவில்லை. துட்டி வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். அவள் தரையில், வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க மட்டுந்தான் பாத்தது" என்றாள். "வந்தவங்க எல்லாரும் காத்து காத்துன்னாங்க. காத்தப் பத்தி எனக்கு என்ன? அவுக என்ன செஞ்சாகன்னு ஒருத்தரும் சொல்லல."

செந்தூர்பாண்டி கையை முழங்காலில் வைத்துக்கொண்டு பேசினார்.

"மேல பாத்து எறக்குன்னு கை காட்டுனான். எப்பவும் காட்டுற மாதிரி. காட்டிட்டு ரெண்டு அடி பின்னால போனான். நான் எறக்குனேன். அப்புறம் மறுபடியும் முன்னால வந்து குனிஞ்சான். கீழ எதையோ எடுக்கக் குனிஞ்சான்."

"என்னத்த?"

"தெரியலம்மா. அங்கேருந்து பாத்தா ஆளே கட்டவெரல் அளவுதான். குனிஞ்சதப் பாத்தேன். காத்து இருந்துச்சு, அது பொய் இல்ல. ஆனா நான் பாத்தேன். எந்திரிச்சிருவான்னு நெனச்சேன். கைய நிறுத்தல. அத நான் விசாரிக்க வந்தவங்ககிட்டச் சொல்லல."

வெளியே தெருவில் நாற்காலிகளை எடுக்கிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா வண்டியின் டயரை விரலால் அமுக்கினாள், விட்டாள், அது எழும்பியது, மறுபடியும் அமுக்கினாள்.

"அவுகளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"இல்ல. அண்ணாந்து பாக்கல."

அவள் தலையாட்டினாள். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சுவரில் ரெக்ஸ் படத்துக்குக் கீழே எரிந்த சின்ன பல்பைப் பார்த்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு, "வெத்தல டப்பியா இருக்கும்" என்றாள் அவள். "மேல் பையில ஓட்ட. தச்சுத் தாறேன்னு சொல்லிட்டே இருந்தேன்."

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. செந்தூர்பாண்டி ஒரு வருஷம் பிந்தி வந்திருந்தாலும் அதை முறையாகச் செய்தார். எழுந்தார், ஒன்றும் சொல்லாமல் வாசலுக்கு வந்தார், குனிந்து பார்த்துக்கொண்டே மூன்று படியும் இறங்கினார். வண்டி கூடத்தின் நடுவிலேயே நின்றது. தெரு காலியாகியிருந்தது.

கனி முன்னாலேயே வீட்டுக்கு வந்து, துட்டிக்குப் போய்வந்தவருக்கு வைப்பதுபோல வாசலில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தாள். அவர் வேட்டியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் செம்பில் மொண்டு அவர் கால்களில் ஊற்றினாள். தண்ணீர் விரல்களுக்கு நடுவில் ஓடி, ஏழாம் தெரு மண்ணை எடுத்துக்கொண்டு, சாக்கடைப் பக்கம் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடுதண்ணியா கனி, பச்சத்தண்ணியா?" என்று கேட்டார்.

"பச்சத்தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டாவது செம்பை ஊற்றினாள்.